நாடாப்புழுவின் சர்க்கரைப் போர்வையும் ஓம்புயிரின் தடுப்பாற்றலும்

நாடாப்புழுக்களுக்கு வாய் இல்லை, குடலும் இல்லை. முதிர்ந்த புழு ஓம்புயிரின் குடலில் செரித்துக் கிடக்கும் சத்துகளையும், தசையிலோ கல்லீரலிலோ மூளையிலோ தங்கும் இளவுயிரி தன்னைச் சூழ்ந்த திசுநீர்மத்தையும் புறப்பரப்பின் வழியாகவே உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே இந்த உயிரினத்துக்குத் தோலும் குடலும் ஒன்றே. உருளைப்புழுக்களைப் போலக் கெட்டியான புறத்தோலுக்குள் ஒடுங்கிக்கொள்ள அதனால் முடியாது. அப்படி ஒடுங்கினால் பட்டினிதான். உணவுக்காகத் திறந்தே இருக்க வேண்டிய ஒரு பரப்பு, எதிர்ப்பொருள்களும் வெள்ளணுக்களும் நிறைந்த சூழலில் ஆண்டுக்கணக்கில் சிதையாமல் இருப்பது எப்படி என்பதே ஒட்டுண்ணியியலின் நெடுநாள் கேள்விகளுள் ஒன்று. அதற்குக் கிடைத்துள்ள விடைகளில் பெரும்பகுதி அந்தப் பரப்பில் செறிந்துள்ள சர்க்கரைச் சங்கிலிகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

நாடாப்புழுவின் மேலுறை தனித்தனிச் செல்களால் ஆனதன்று. செல் எல்லைகள் கரைந்து, உடல் முழுவதையும் போர்த்திய ஒரே தொடர்ப்படலமாக அது அமைந்திருக்கிறது. அதன் உட்கருக்கள் தசையடுக்குக்குக் கீழே புதைந்திருக்க, மேற்பரப்பிலிருந்து எண்ணற்ற நுண்தூவிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தத் தூவிகளின் மீது புரதங்களோடும் கொழுப்புகளோடும் பிணைந்த சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து படர்ந்திருக்கின்றன. கிளைக்கோகேலிக்ஸ் என்று உயிரியலாளர் அழைக்கும் இந்தப் போர்வை, ஒருமுறை நெய்து உடுத்தப்பட்டதன்று. எலியின் குடலில் வாழும் ஹைமனோலெபிஸ் டிமினூட்டா என்னும் நாடாப்புழுவுக்குக் கதிரியக்கக் குறியிட்ட சர்க்கரையைக் கொடுத்து அதன் தடத்தைத் தொடர்ந்த ஓக்ஸ், லம்ஸ்டன் ஆகியோரின் ஆய்வு 1971இல் வெளிவந்தது. கீழ்ப்பகுதியில் உருவாகும் சர்க்கரைச் சேர்மங்கள் மேலேறிப் பரப்பை அடைகின்றன என்பதையும், அங்கிருந்து உதிர்ந்து புதியவற்றுக்கு இடம்விடுகின்றன என்பதையும் அவ்வகை ஆய்வுகள் நிறுவின. எதிர்ப்பொருள் ஒன்று வந்து ஒட்டினாலும், அது ஒட்டிய துண்டே உதிர்ந்துபோகும் வாய்ப்பு இதனால் உண்டாகிறது.

ஆனால் இந்தப் போர்வையைத் தற்காப்புக் கருவியாக மட்டும் பார்ப்பது பிழையாகும். ஓம்புயிரின் கணையத்திலிருந்து சுரக்கும் அமிலேஸ் நொதி இந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும்போது மாவுச்சத்தைச் சிதைக்கும் வேகம் கூடுகிறது. மாறாக, புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின், உயிருள்ள புழுவின் அண்மையில் செயலிழக்கிறது. தனக்கு உணவாகும் வினையை ஊக்குவித்தும் தன்னை உணவாக்கும் வினையைத் தடுத்தும் புழு தன் பரப்பை நடத்திச் செல்வதை இந்த இரு செய்திகளும் காட்டுகின்றன. தடுப்பாற்றலை எதிர்கொள்வது இத்தகைய அன்றாட வேலைகளுள் ஒன்று.

அந்த ஒன்றும் எல்லா ஓம்புயிரிலும் ஒரேபோல் பலிப்பதில்லை. எலியின் குடலில் ஹைமனோலெபிஸ் டிமினூட்டா எலி உயிரோடிருக்கும் வரை வாழ்கிறது. மூப்படைந்த எலியிலிருந்து இளம் எலிக்கு அறுவை மூலம் மாற்றிக்கொண்டே வந்தால், எலியின் ஆயுளைப் போலப் பல மடங்கு, 14 ஆண்டுகள் வரை அதை உயிரோடு வைத்திருக்க முடியும் என்று கிளார்க் ரீட் 1967இல் காட்டினார். அதே புழுவைச் சுண்டெலியின் குடலில் விட்டால் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குள் வெளியேற்றப்படுகிறது. கிளாஸ்கோவில் ஹாப்கின்ஸும் உடன்பணியாற்றிய சுப்ரமணியன், ஸ்டாலர்ட் ஆகியோரும் 1972இல் வெளியிட்ட ஆய்வுகள், தடுப்பாற்றலை ஒடுக்கும் கார்ட்டிசோனைக் கொடுத்தால் இந்த வெளியேற்றம் நடைபெறுவதில்லை என்பதைக் காட்டி, அது தடுப்பாற்றலின் வேலையே என்பதை உறுதிப்படுத்தின. சுண்டெலியில் வளரும் புழுக்களின் மேலுறையில் ஓம்புயிரின் எதிர்ப்பொருள்கள் ஒட்டியிருப்பதை அடுத்த சில ஆண்டுகளில் பீஃபஸ் எடுத்துக்காட்டினார். புழு ஒன்றே, போர்வையும் ஒன்றே. முடிவு மட்டும் வேறு. எனவே சர்க்கரைப் போர்வை தன்னளவில் காப்பளிக்கும் கவசம் என்ற எளிய கருத்து இந்த ஒரு சோதனையிலேயே உடைந்துபோகிறது. போர்வைக்கும் அது எதிர்கொள்ளும் குறிப்பிட்ட உடலுக்கும் இடையில் உள்ள பொருத்தமே புழுவின் விதியைத் தீர்மானிக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்தப் பொருத்தத்தை மிக விரிவாகக் காட்டும் நாடாப்புழு எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ். முதிர்ந்த நிலையில் நாயின் குடலில் வாழும் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இப்புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறுகின்றன. அவற்றை விழுங்கும் ஆடு, மாடு அல்லது மனிதரின் உடலில், முட்டைக்குள்ளிருந்து ஆறு கொக்கிகள் கொண்ட கரு வெளிப்பட்டு, குடற்சுவரைத் துளைத்துக் குருதியின் வழியே பெரும்பாலும் கல்லீரலையும் அடுத்தபடியாக நுரையீரலையும் அடைந்து, அங்கே ஹைடாட்டிட் எனப்படும் நீர்க்கட்டியாக வளர்கிறது. கட்டி பல ஆண்டுகள் ஒரு தொந்தரவும் தராமல் இருக்கக்கூடும். தொற்று ஏற்பட்டு 53 ஆண்டுகளுக்குப் பிறகு நோய் வெளிப்பட்ட ஒரு நிகழ்வு 1974இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓர் அயலுயிரைக் கல்லீரலுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் உடல் அதை அறியாமல் இருந்ததா, அறிந்தும் விட்டுவைத்ததா என்பதே இங்கு எழும் கேள்வி.

அறுவை மருத்துவர் இந்தக் கட்டியைத் திறக்கும்போது முதலில் காண்பது அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வெண்மையாகவும் வழவழப்பாகவும் இருக்கும் ஒரு படலம். ஓம்புயிரின் திசு தன் பங்குக்குக் கட்டியைச் சுற்றி எழுப்பிய நார்ச்சுவரிலிருந்து அது எளிதில் உரிந்து வந்துவிடும். வெட்டிய விளிம்பில் தானே உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ சுருண்டுகொள்ளும். மெல்லிய சீவலாக்கி, பெர்அயோடிக் அமிலமும் ஷிஃப் சாயமும் கொண்டு நிறமேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், செல்லோ உட்கருவோ எதுவுமின்றி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய அடுக்குகள் செறிந்த செவ்வூதா நிறத்தில் தெரிகின்றன. பெர்அயோடிக் அமிலம் சர்க்கரை வளையங்களை உடைத்து ஆல்டிஹைடுகளாக்குவதாலும், ஷிஃப் சாயம் அந்த ஆல்டிஹைடுகளோடு சேர்ந்து நிறம் பெறுவதாலும், இந்தச் செறிந்த நிறமே படலத்தின் பெரும்பகுதி சர்க்கரை என்பதற்குச் சான்றாகிறது. நோய்க்குறியியலாளர் ஒருவர் தம் முன்னுள்ள திசுத்துண்டு எக்கினோகாக்கஸைச் சேர்ந்தது என்று உறுதிசெய்வதும் பெரும்பாலும் இந்தப் படலத்தை வைத்துத்தான்.

அடுக்குப் படலம் என்று சொல்லத்தக்க இதை உண்டாக்குவது அதற்கு உட்புறமாக ஒட்டியிருக்கும் முளைப்படலம். உயிருள்ள செல்கள் அதில்தான் உள்ளன. எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸில் அடுக்குப் படலம் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை தடிக்கக்கூடியது. நரியிலும் வயலெலி போன்ற கொறிணிகளிலும் சுழலும் எக்கினோகாக்கஸ் மல்டிலாக்குலாரிஸ் என்னும் உறவினத்தில் அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே தடிப்பு உடையது. மெல்லிய படலம் கொண்ட இரண்டாவது இனம் கல்லீரலைப் புற்றுநோய்போல் ஊடுருவிப் பரவ, தடித்த படலம் கொண்ட முதலாவது தனிக் கட்டியாக உருண்டு திரள்கிறது. இரண்டிலும் அடிப்படைப் பொருள் மியூசின் வகைப் புரதங்களே. குடலிலும் மூச்சுக்குழாயிலும் வழவழப்பான கோழையை உண்டாக்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த இவற்றில், புரத இழை முதுகெலும்பாக நிற்க, அதன் இருமருங்கிலும் கேலக்டோஸ் மிகுந்த சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து கிளைக்கின்றன. ஆட்டுப் பண்ணைத்தொழில் வேரூன்றிய உருகுவே நாட்டின் மான்டெவிடியோவில் அல்வாரோ டியாஸ், அனா ஃபெரெய்ரா முதலியோர் பல்லாண்டுகளாக நடத்திவரும் ஆய்வுகளே இந்தச் சங்கிலிகளின் வேதியமைப்பைத் தெளிவாக்கின. கிரானுலோசஸின் படலத்தில் இனோசிட்டால் ஹெக்சாகிஸ்பாஸ்பேட் என்னும் சேர்மம் கால்சியத்தோடு சேர்ந்து நுண்மணிகளாகப் படிந்திருப்பதை 2002இல் அவர்கள் கண்டறிந்தது வியப்பூட்டுவது. தானியங்களிலும் பருப்புகளிலும் பைட்டேட்டாகச் சேமிக்கப்படும் பொருள் அது. ஒரு விலங்கின் செல்லுக்கு வெளியே அது இத்தனை அளவில் குவிந்திருக்கக் காண்பது அரிது.

படலம் முதலாவதாகச் செய்வது, தாக்கும் செல்களை முளைப்படலத்திலிருந்து தொலைவில் நிறுத்துவது. அது வெறும் இடைவெளி மட்டுமன்று. அயற்பரப்பைக் கண்டவுடன் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு, இறுதியில் செல்சுவரில் துளையிடும் குருதிப் புரதத் தொகுதி ஒன்று உடலில் உண்டு. நிரப்புப் புரதத் தொகுதி எனப்படும் அதன் சங்கிலிவினை தன்னுடலின் பரப்பிலேயே மூண்டுவிடாமல் காப்பது H காரணி என்னும் கட்டுப்பாட்டுப் புரதம். ஓம்புயிரின் அந்த H காரணியே நீர்க்கட்டியின் சுவரில் சிறைப்பட்டுக் குவிந்திருப்பதை டியாஸ், ஃபெரெய்ரா, சிம் ஆகியோர் 1997இல் காட்டினர். ஓம்புயிர் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் அணையே இங்குப் புழுவுக்குக் கரையாகிவிடுகிறது.

பூனையையும் எலியையும் ஓம்புயிர்களாகக் கொண்ட டீனியா டீனியாஃபார்மிஸ் என்ற நாடாப்புழுவின் இளவுயிரி இதற்கு நேரெதிரான வழியைக் கையாள்வதாகத் தெரிகிறது. சல்பேட் ஏறிய சர்க்கரைச் சேர்மங்களை அது சுற்றுப்புறத்தில் வெளிவிட, நிரப்புப் புரதங்கள் புழுவின் பரப்பை அடையும் முன்னரே அந்த மிதக்கும் சேர்மங்களோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுகின்றன என்று ஹாமர்பெர்க், வில்லியம்ஸ் ஆகியோர் 1978இல் எழுதினர். ஒன்று தாக்குதலைத் தணிக்கிறது, மற்றொன்று அதை வேறிடத்துக்குத் திருப்புகிறது. இரண்டிலும் புழுவை நெருங்கும் நிரப்புப் புரதங்கள் அதன் செல்லைத் துளைக்கும் நிலைக்கு வருவதில்லை.

சர்க்கரைச் சங்கிலிகள் ஓம்புயிரின் சர்க்கரைகளை ஒத்திருப்பதால் புழு உடலின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்ற கருத்தும் நெடுங்காலமாக உண்டு. அதற்கு அடித்தளமிட்டது 1957இல் கேமரன், ஸ்டேவ்லி ஆகியோர் ஹைடாட்டிட் நீர்மத்தில் மனிதக் குருதி வகைகளுள் ஒன்றான P1 பொருளைக் கண்டறிந்தது. மனிதரில் சிலரின் சிவப்பணுக்களில் P1 சங்கிலி உண்டு, சிலரிடம் இல்லை. அது இல்லாதவருக்கு ஹைடாட்டிட் தொற்று ஏற்படும்போது P1க்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்தம் குருதியில் மிகுந்து காணப்படுகிறது. அச்செய்தியே இந்த ஒப்புமைக் கருத்துக்கு எதிரான சான்றாகவும் நிற்கிறது. P1 இல்லாதவரின் உடல் அந்தச் சர்க்கரையை அயற்பொருளாக இனங்காண்கிறது, அதற்கெதிராக எதிர்ப்பொருளையும் ஆக்குகிறது. ஆயினும் கட்டி அவரிடமும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஒளிந்திருப்பதால் பிழைப்பதானால், கண்டுபிடிக்கப்பட்ட இடத்தில் புழு மடிந்திருக்க வேண்டும்.

புழு அறியப்படாமல் இல்லை என்பதற்கு மல்டிலாக்குலாரிஸ் மீது நடந்த ஆய்வுகள் இன்னும் வலுவான சான்று. அதன் அடுக்குப் படலத்தின் முதன்மையான சர்க்கரை ஆன்டிஜென் Em2 எனப்படுகிறது. ஆன்டிஜென் என்பது எதிர்ப்பொருள் ஆக்கத்தைத் தூண்டும் பொருள். தொற்றுற்றவர்களின் குருதியில் Em2க்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ஏராளம்; நோயறிசோதனைகளுக்கு அவை பயன்படுவதும் அதனால்தான். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் புரூனோ காட்ஸ்டைன் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, இந்த எதிர்ப்பொருள் ஆக்கம் உதவி T செல்களின் துணையில்லாமலேயே நிகழ்கிறது என்பதைக் காட்டியது. எதிர்ப்பொருள் நாளடைவில் கூர்மை பெற்று, இலக்கை இறுகப் பற்றும் தன்மை அடைவதற்கு T செல்களின் துணை இன்றியமையாதது. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் தாமே எதிர்ப்பொருள் ஆக்கும் B செல்களைத் தூண்டிவிடுவதால் அந்தத் துணை இல்லாமலே எதிர்ப்பொருள் பெருகுகிறது. அளவில் மிகுந்தும் பிடிப்பில் தளர்ந்தும் இருக்கும் அத்தகைய எதிர்ப்பொருள்களால் புழுவுக்குப் பெருங்கேடு விளைவதில்லை.

உடலின் காவற்செல்களோடு இந்தச் சர்க்கரைகள் நேரடியாகத் தொடர்புகொள்ளும் இடத்தில்தான் ஆய்வு இன்று மிகச் சுறுசுறுப்பாக இருக்கிறது. டென்ட்ரைட்டிக் செல்கள் அயற்பொருளை விழுங்கிப் பக்குவமடைந்து T செல்களுக்கு அதைக் காட்டிக்கொடுப்பவை. அடுக்குப் படலத்தின் நுண்துகள்களை அவற்றுக்கு ஊட்டினால், அவை பக்குவமடைவதன் அடையாளங்களில் சிலவற்றை மட்டும் காட்டுகின்றன. அழற்சியை முடுக்கும் இன்டர்லூக்கின் 12 குறைகிறது. விழுங்குசெல்களான மேக்ரோஃபேஜ்களிலோ, வளர்ச்சித் தூண்டலைச் செல்லுக்குள் கடத்தும் Akt என்னும் புரதத்தின் இயக்கம் தடைபட்டு, அவை பெருகுவது மட்டுப்படுகிறது என்று மான்டெவிடியோ குழுவினர் 2016இல் அறிவித்தனர். மெக்சிகோவில் டீனியா கிராசிசெப்ஸ் புழுவைக் கொண்டு நடந்த ஆய்வுகளில், அதன் பொருள்களைப் பெர்அயோடேட்டால் வினைப்படுத்திச் சர்க்கரைகளைச் சிதைத்தபோது, தடுப்பாற்றலை ஒடுக்கும் செல்களைத் திரட்டும் ஆற்றலை அவை இழந்தன. நோய்க்குறியியலாளர் படலத்துக்கு நிறமேற்றப் பயன்படுத்தும் அதே வினை, இங்கே சர்க்கரையின் பங்கை மெய்ப்பிக்கும் சோதனையாகிறது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது, நாடாப்புழு தடுப்பாற்றலை ஏமாற்றித் தப்புகிறது என்று பாடநூல்கள் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நிறைவு தருவதாக இல்லை. உடல் புழுவைக் காண்கிறது, அதன் சர்க்கரைகளுக்கு எதிர்ப்பொருள் ஆக்குகிறது, செல்களை அனுப்புகிறது, சுவரெழுப்புகிறது. ஆனால் இந்த வினைகள் ஒவ்வொன்றும் அழிக்கும் உச்சத்தை எட்டாமல் பாதி வழியில் தணிந்துவிடுகின்றன. அப்படித் தணிவிப்பதே சர்க்கரைகளின் தொழில். அதேவேளையில் இந்த முடிவின் எல்லையையும் குறித்துக்கொள்வது நேர்மை. சான்றுகளில் பெரும்பகுதி சுண்டெலிகளிலிருந்து வந்தது. அதிலும் பல சோதனைகளில், கட்டிக்குள் உருவாகும் தலைமுளைகளை வயிற்றறைக்குள் நேரடியாகச் செலுத்தித் தொற்று உண்டாக்கப்படுகிறது, முட்டையை விழுங்கிக் குடல்வழி வரும் இயல்பான தொற்றின் முதற்கட்டம் அங்கே இல்லை. கிரானுலோசஸின் சர்க்கரைகளைக் கொறிணிகளின் கல்லீரலில் உள்ள குப்ஃபர் செல்கள் எனப்படும் விழுங்குசெல்களின் Clec4F என்னும் ஏற்பி பற்றிக்கொள்வது 2013இல் தெரியவந்தது. மனிதரிடத்தில் அந்த ஏற்பி சர்க்கரையைப் பற்றும் திறனை இழந்துவிட்டது. சுண்டெலியின் கல்லீரல் உணர்வதை மனிதக் கல்லீரல் உணராமல் இருக்கக்கூடும் என்பதால், ஒன்றில் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லிவிட முடியாது.

சர்க்கரைகள் புழுவைக் காட்டிக்கொடுக்கவும் செய்கின்றன. பன்றிவழி நாடாப்புழுவான டீனியா சோலியத்தின் இளவுயிரி மனித மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்குகிறது. இந்நோயைக் குருதியிலிருந்தே அறிவதற்கு அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த விக்டர் சாங் குழுவினர் 1989இல் வகுத்த சோதனை, மைசூர்ப் பருப்பிலிருந்து பெறப்படும் லெக்டின் என்னும் சர்க்கரைப்பற்றுப் புரதத்தைக் கொண்டு புழுவின் சர்க்கரைப் புரதங்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் ஏழு பட்டைகளில் நோயாளியின் எதிர்ப்பொருள் எவற்றோடு ஒட்டுகிறது என்று பார்க்கிறது. மூளையில் பல கட்டிகள் உள்ளவரிடம் இது மிகத் துல்லியமானது. ஒரே கட்டி உள்ளவரிடமோ பலமுறை தவறிவிடுகிறது. இந்தக் குறை தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது. வலிப்போடு வரும் இந்திய நோயாளிகளின் மூளை ஸ்கேனில் தெரிந்த தனிச் சிறுபுள்ளிகள் காசநோய்க் கட்டிகளென்று கருதப்பட்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கப்பட்ட காலத்தில், அவற்றில் பல டீனியா சோலியத்தின் எச்சங்களே என்று 1989இல் திசுச்சான்றோடு காட்டியவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள். வேலூர் மாவட்டத்தில் பின்னர் நடந்த கள ஆய்வு, வலிப்புநோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தப் புழுவே காரணம் என்று கண்டது.

தடுப்பூசி ஆய்வின் வரலாறும் இந்தச் சர்க்கரைப் பரப்பின் வலிமையை மறைமுகமாக உணர்த்துகிறது. எக்கினோகாக்கஸின் முட்டையிலிருந்து வெளிப்பட்ட கருவிடம் அடுக்குப் படலம் இல்லை. அது உருவாகச் சுமார் இரண்டு வாரங்கள் ஆகின்றன. அந்தக் குறுகிய இடைவெளியில் எதிர்ப்பொருளும் நிரப்புப் புரதங்களும் சேர்ந்து கருவைக் கொன்றுவிட இயலும். ஆஸ்திரேலியாவின் மார்ஷல் லைட்டவ்லர்ஸ், நியூசிலாந்தின் டேவிட் ஹீத் முதலியோர் 1996இல் அறிமுகப்படுத்திய EG95 தடுப்பூசி, கருநிலைக்குரிய ஒரு புரதத்தையே இலக்காகக் கொண்டு, ஆடுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேலான காப்பை அளித்தது. டீனியா சோலியத்துக்கு எதிராகப் பன்றிகளுக்குப் போடப்படும் TSOL18 தடுப்பூசியும் அதே வழியில் பிறந்ததே. ஹைதராபாதில் அது இன்று வணிக அளவில் தயாரிக்கப்படுகிறது. எனினும் கருநிலையைக் கடந்து திசுக்களில் நிலைகொண்டுவிட்ட இளவுயிரிகளை இந்தத் தடுப்பூசியால் அழிக்க முடிவதில்லை. கேமரூனில் நடந்த களச்சோதனையில் தடுப்பூசியோடு ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்தும் பன்றிகளுக்குக் கொடுக்கப்பட்டது அதனால்தான். தடுப்பூசி பெறாத பன்றிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் புழு காணப்பட, இரண்டும் பெற்ற பன்றிகளில் ஒன்றில்கூட அது இல்லை.